இல்ல ஊர்தியின் நீர் எக்கி

நீர் இல்லாத நிலை கொடியது. நீர் அருகிலிருந்தும் பருக இயலாத நிலை அதனினும் கொடியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், கலிபோர்னியா மாநிலத்தில், மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலைநிலம் உள்ளது. அங்குள்ள ஃபர்னசு கிரீக் என்னுமிடத்தில் 1913-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள் வெப்பநிலை 56.7 செல்சியசு பாகை எனப் பதிவாயிற்று. இத்தகைய நிலங்களையும் காணச் செல்வோர் பலர், ‘கேம்பர்’ எனப்படும் இல்ல ஊர்தியில் செல்கின்றனர். தொட்டியில் நீர் நிறைந்திருக்கக் குழாயைத் திறந்தால் ஒரு துளியும் வாராதாயின், அவர்தம் நிலை என்னாகும்? அந்நேரத்தில் அவர்க்குத் துணை நிற்பது பதற்றம் அன்று. காரணத்தை நாடிக் காணும் அறிவே ஆகும்.

இல்ல ஊர்தி என்பது சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீடு. படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி முதலியன அதனுள் உண்டு. வீடுகளில் மாடித் தொட்டியிலிருந்து நீர் தன் எடையாலேயே இறங்கி வருகின்றது. ஓடும் ஊர்தியின் உச்சியில் பெருஞ்சுமையை வைத்தால், வளைவுகளில் அது நிலைகுலையும். ஆதலின் பெரும்பாலான ஊர்திகளில் நீர்த்தொட்டி தரையை ஒட்டியே வைக்கப்படுகிறது. தாழ இருக்கும் நீரை மேலே குழாய்க்கு ஏற்றுவது, பம்பு என்று வழங்கப்பெறும் சிறிய எக்கியாகும். 12 வோல்ட்டு மின்கல அடுக்கு அதனை இயக்குகின்றது.

இவ்வெக்கியின் அமைப்பு எளியது. அதனுள் ரப்பராலாகிய ஒரு திரையும், நீரை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் வால்வுகளும் உள்ளன. மோட்டார் சுழலுங்கால் திரை முன்னும் பின்னும் அசைகின்றது. திரை பின்வாங்கும்போது உள்ளறையின் அழுத்தம் குறைகின்றது. உடனே வெளிக்காற்று தொட்டி நீரின்மேல் அழுத்தி, அந்நீரை அறைக்குள் செலுத்துகின்றது. திரை முன்வரும்போது நீர் குழாயை நோக்கித் தள்ளப்படுகின்றது. எக்கி நீரை இழுக்கிறது என்பது உலக வழக்கு; உண்மையில் நீரை எக்கிக்குள் தள்ளுவது காற்றே. காற்றுக்கு எடையும் அழுத்தமும் உண்டு என்பதை இத்தாலிய நாட்டு அறிஞர் டாரிசெல்லி 1643-ஆம் ஆண்டில் பாதரசம் நிறைந்த கண்ணாடிக் குழாயைக் கொண்டு விளக்கினார்.

எக்கியோடு அழுத்தச் சுவிட்சு ஒன்றும் இணைந்துள்ளது. குழாய்கள் யாவும் மூடியிருப்பின் உள்ளே அழுத்தம் உயரும். பல எக்கிகளில் அது சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 45 முதல் 55 பவுண்டு வரை எய்தியதும் மோட்டார் தானே நின்றுவிடும். குழாயைத் திறந்தால் அழுத்தம் தாழும். மோட்டார் மீண்டும் ஓடும்.

பழுதுற்ற எக்கி தன் குறையை மூன்று வகையால் அறிவிக்கும். ஒன்று, ஒலியே எழாமை. இரண்டு, ஒலி எழுந்தும் நீர் வாராமை. மூன்று, குழாயை மூடிய பின்னும் ஒலி ஓயாமை. இவற்றுள் எது நேர்ந்தது என்பதைச் செவியால் அறிதலே முதற்பணி.

ஒலியே எழவில்லையாயின், குறை பெரும்பாலும் மின்னோட்டத்தின் வழியில் உள்ளது. முதலில் எக்கியின் சுவிட்சு போடப்பட்டுள்ளதா என்று காணல் வேண்டும். அடுத்து மின்கல அடுக்கினை அளத்தல் வேண்டும். நன்கு மின்னேற்றப்பெற்ற ஈய அமில அடுக்கு, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். 12-க்குக் கீழாயின் அதன் ஆற்றல் பெரிதும் வற்றிவிட்டது எனலாம். பின்னர், மின்னோட்டம் மிகுந்தால் உருகி அறும் ‘பியூஸ்’ என்னும் காப்பிழையைக் காணல் வேண்டும். அறுந்ததை மாற்றுங்கால் அதே அளவுள்ளதையே இடுக. புதியதும் உடனே அறுமாயின் உள்ளே வேறு குறை உண்டு என்பது தெளிவு. அதற்கஞ்சித் தடித்த இழையை இடுவோர் காவலனை அகற்றிக் கள்வனை அழைப்போர் ஆவர். கம்பி சூடேறி ஊர்தியே தீப்பற்றக்கூடும்.

ஒலி எழுந்தும் நீர் வாராதாயின், முதலில் தொட்டியில் நீருண்டா என்று நேரிற் காணல் வேண்டும். அளவுகாட்டி சில வேளைகளில் பொய்யுரைக்கும். அடுத்து, எக்கியின் முன்னுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவுதல் வேண்டும். அதன்பின்னும் நீர் வாராதாயின், எங்கோ காற்று நுழைகின்றது என்று ஐயுறலாம். இளநீரை உறிஞ்சும் குழலில் சிறு துளை இருப்பின் இளநீர் வாய்க்கு வாராது, காற்றே வரும். எக்கிக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட குழாயில் தளர்ந்த இணைப்பு இருப்பினும் இதுவே நிகழும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. எக்கிக்குப் பின்னுள்ள குழாயில் ஓட்டை விழுந்தால் நீர் வெளியே கசியும், கண்ணுக்குப் புலப்படும். எக்கிக்கு முன்னுள்ள குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே புகும். ஒரு துளி ஈரமும் காணப்படாமற் போகலாம். இதனை உணராதார் ஈரத்தைத் தேடி ஏமாறுவர். அவ்விணைப்புகளையும் வடிகட்டியின் மூடியையும் இறுக்கினால் பெரும்பாலும் குறை நீங்கும்.

குழாயை மூடிய பின்னும் எக்கி இடையிடையே முனகுமாயின், சேர்த்து வைத்த அழுத்தம் எங்கோ கழிகின்றது என்பது பொருள். குழாய்களின் அடியிலும் இணைப்புகளிலும் உலர்ந்த தாளால் ஒற்றிப் பார்த்தால் கசிவு வெளிப்படும். எங்கும் ஈரம் இல்லையாயின், எக்கியின் வால்வு வழியே நீர் தொட்டிக்கே திரும்புகின்றது எனக் கருதலாம். ஊர்தியை வெளிக்குழாயோடு இணைத்திருக்குங்கால் தொட்டி தானே நிரம்புமாயின் அவ்வையம் வலுப்பெறும்.

குளிர்நாடுகளில் மற்றொரு பகையும் உண்டு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகுகின்றது. எக்கியில் தங்கிய சிறிதளவு நீரும் உறைந்து அதன் உடலைப் பிளந்துவிடும். ஆதலின் பனிக்காலத்திற்கு முன் நீரை முற்றும் வடித்துவிடுவர். அல்லது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த, நச்சற்ற உறைதடுப்பு நீர்மத்தைச் செலுத்துவர். மோட்டார் எஞ்சினுக்குரிய எத்திலீன் கிளைக்கால் நஞ்சாகும்; அதனைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் இடலாகாது.

எக்கி இயங்கவில்லை என்றதும் புதியதை வாங்கிப் பொருத்துவோர் பலர். தளர்ந்த இணைப்பு அப்படியே இருக்க, புதிய எக்கியும் காற்றையே உறிஞ்சும். பொருளும் பொழுதும் வீணாகும். நோயின் காரணத்தை ஆராயாது மருந்தை மாற்றும் மருத்துவனை அவர் ஒப்பர். எளிதிற் காணத்தக்கதை முதலிலும் அரிதிற் காணத்தக்கதைப் பின்னரும் ஆராய்தலே முறை.

எவ்வளவு முயன்றும் எக்கி ஓடாத இடமும் உண்டு. அப்போதும் தொட்டி நீர் தொட்டியிலேயே உள்ளது. அதன் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து, தூய கலத்தில் ஏந்தினால் நீர் தன் எடையாலேயே இறங்கி வரும். மரணப் பள்ளத்தாக்கின் நடுவே அவ்வொரு குவளை நீர் ஓர் உயிரைக் காக்கும். பொறி நின்ற இடத்திலும் அறிவு நில்லாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.