முட்டையிடாத கோழி: குற்றம் கோழியினுடையதா, காலத்தினுடையதா?

நம்மூர்ப் பக்கம் கோழி வளர்ப்பதைத் தனித் தொழிலாக யாரும் கருதுவதில்லை. வாசலில் நாலு கோழி மேயும். சாயங்காலம் பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தோடு தில்லிக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் வந்து, கொஞ்சம் கொல்லை கிடைத்ததும் கோழி வாங்கி விட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. கால்நடை மருத்துவனாக வட மாநிலங்களில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், ஆண்டுதோறும் கார்த்திகை, மார்கழியில் என்னிடம் ஒரே கேள்வி வரும்: "நல்லா முட்டை விட்டுக்கிட்டு இருந்த கோழி திடீர்னு நிறுத்திடுச்சே, என்ன சார் காரணம்?" கூடவே, "பேசாம அடிச்சுக் குழம்பு வச்சிடலாமா?" என்ற கேள்வியும் வரும். இந்த இரண்டாவது கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

ஒரு முட்டை உருவாகும் கதை

முட்டையிடும் கோழிக்குத்தான் வலி தெரியும் என்பார்கள். ஒரு முட்டையின் பின்னால் இருக்கும் உழைப்பைப் பார்த்தால் அது மிகையல்ல. பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. அதில் ஒரு மஞ்சள் கரு முழு அளவுக்கு வளர ஏறத்தாழ 10 நாட்கள் ஆகின்றன. அது விடுபட்ட பிறகு வெள்ளைக் கரு சேர மூன்று மணி நேரம். சவ்வு மூட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓடு கட்டவோ 20 மணி நேரம். மொத்தத்தில் ஒரு முட்டைக்கு 24 முதல் 26 மணி நேரம் தேவை. ஆகவே நாளுக்கு ஒன்று என்பதே உச்சவரம்பு. அதிலும் நாட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 60 முட்டைதான் தரும். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் கோழி 300ஐத் தாண்டும். இரண்டையும் ஒப்பிட்டு நாட்டுக்கோழியைக் குறை சொல்வது நியாயமல்ல.

வெளிச்சம் என்னும் கடிகாரம்

வடக்கே வந்த நம்மவர் பலருக்கும் புரியாத காரணம் இதுதான். கோழிக்கு முட்டையிடும் காலத்தைச் சொல்லுவது வெளிச்சம். வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டை ஊடுருவியும் மூளையின் அடிப்பகுதியைத் தொடுகிறது. பார்வையற்ற கோழிகூடப் பகல் நீளுவதை உணரும். அந்தத் தூண்டுதலால்தான் சூலகத்தை இயக்கும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. பகல் குறையக் குறைய அவையும் குறைகின்றன.

சென்னையில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். குறுகிய பகலே 11 மணி 20 நிமிடம் இருக்கும். தில்லியிலோ ஜூன் மாதம் கிட்டத்தட்ட 14 மணி நேரமாக இருக்கும் பகல், டிசம்பர் 21 வாக்கில் 10 மணி 20 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. ஊரில் அப்பத்தா வளர்த்த கோழி மார்கழியிலும் முட்டையிட்டதே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அங்கே சூரியன் இவ்வளவு தூரம் விளையாடுவதில்லை.

நன்றாக முட்டையிட 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். தில்லி டிசம்பரில் சூரியன் 7 மணிக்கு மேல் எழுந்து ஐந்தரைக்குள் மறைகிறது. கூண்டில் ஒரு சிறிய எல்.இ.டி. பல்பைக் காலை மூன்றரை மணிக்கு எரியும்படி டைமர் வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். ஒரேயடியாகக் கூட்டாமல் வாரத்துக்கு அரை மணியாகக் கூட்டுங்கள். மாலையில் எரியவிட்டுத் திடீரென்று அணைத்தால் கோழிகள் அடையும் இடம் தெரியாமல் தவிக்கும். அதனால் விடியற்காலை விளக்கே நல்லது. குளிருக்காக மூடிய கூண்டில் கரி அங்கீட்டி மட்டும் வைக்காதீர்கள். அந்த நச்சுப் புகை கோழிகளைக் கொன்றுவிடும்.

விளக்கு வைக்காவிட்டாலும் பாதகமில்லை. தை பிறந்து பகல் நீள நீளக் கோழி தானே தொடங்கிவிடும். எங்கள் பகுதியில் வீட்டு வேலை செய்யும் விழுப்புரம் மாவட்டத்துப் பெண்மணி ஒருவர் எட்டுக் கோழி வைத்திருக்கிறார். முட்டைக் காசில்தான் பிள்ளையின் பள்ளி வேனுக்குப் பணம் கட்டுகிறார். ஒரு டிசம்பரில் ஆறு கோழிகள் நின்றுவிட்டன. "எல்லாத்தையும் கறிக்கடைக்காரன்கிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன், ஐயா" என்றார். "பொங்கல் கழியட்டும்மா, பொறு" என்றேன். பிப்ரவரி நடுவில் ஐந்து கோழிகள் மறுபடி முட்டையிட ஆரம்பித்தன. அன்று விற்றிருந்தால் ஒரு மாதக் கறிக்காசு கிடைத்திருக்கும்; ஆண்டு முழுவதற்குமான வருமானம் போயிருக்கும்.

இறகு உதிர்ப்பும் அடையும்

குளிருக்கு முன் கோழி பழைய இறகை உதிர்த்துப் புதிது வளர்க்கும். இறகு பெரும்பாலும் புரதமே. உண்ணும் புரதமெல்லாம் இறகுக்குப் போவதால் முட்டைக்கு மிச்சமிருக்காது. இந்த ஓய்வு இரண்டு மூன்று மாதம் நீடிக்கலாம். இது நோயல்ல.

அடை என்பது வேறு. 10, 15 முட்டை இட்டதும் நாட்டுக்கோழி கூட்டை விட்டு எழாமல் கொக்கரித்துக்கொண்டு கிடக்கும். குஞ்சு வேண்டுமானால் முட்டை வைத்து 21 நாள் விடுங்கள். வேண்டாமென்றால் அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில், தீனியும் தண்ணீரும் கொடுத்து, மூன்று நான்கு நாள் வையுங்கள். வயிறு குளிர்ந்தால் அடை தெளியும். மூக்கில் இறகு செருகுவது போன்ற வைத்தியங்கள் வெறும் சித்திரவதை.

தீனி, தண்ணீர், வெயில்

நம் வீடுகளில் கோழிக்குப் போடுவது மீந்த சோறும் குருணையும். அவை கொழுப்பைக் கூட்டுமே தவிர முட்டைக்கு உதவாது. தீனியில் சுமார் 16 சதவீதம் புரதம் வேண்டும். கடலைப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஏதாவது சேருங்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. உண்பதில் பாதிதான் உடலில் சேரும் என்பதால் நாளுக்கு 4 கிராம் தேவை. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். முட்டை ஓட்டையும் கொடுக்கலாம். ஆனால் வறுத்துத் தூளாக்கியே கொடுக்க வேண்டும். இல்லையேல் முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் வந்துவிடும்.

மே, ஜூன் வெயிலிலும் முட்டை குறையும். கோழிக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. இரைக்க இரைக்க இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறி, ஓடு கட்டும் சரக்குக் குறைகிறது. தோல்முட்டை வருவது அதனால்தான். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதிய மருந்து.

கவனிக்க வேண்டியவை

பகலில் கூண்டுப் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள் இருக்கிறதா என்று இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். குடற்புழு மருந்தை மறவாதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி அவசியம். குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத் ஊரின் பெயரையே அந்நோய்க்கு நம் நாட்டில் வைத்திருக்கிறார்கள். கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்ததிலிருந்து இதில் அலட்சியம் கூடாது. கோழி புதரில் இரகசியமாக முட்டையிடுகிறதா, கீரியோ பாம்போ கொண்டுபோகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கோழியைப் பிடித்து, பின்புற இடுப்பெலும்புகள் இரண்டுக்கும் நடுவே விரலை வையுங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்து, கொண்டை சிவந்து, ஆசனவாய் ஈரமாக இருந்தால் அது முட்டையிடும் கோழியே. ஒரு விரல்கூட நுழையாமல் கொண்டை சுருங்கியிருந்தால் ஓய்வில் இருக்கிறது. வயது இரண்டுக்குள் என்றால் பிப்ரவரி இறுதிவரை பொறுங்கள். நான்கைந்து வயதாகி, கோடை தொடங்கியும் அப்படியே இருந்தால், அதன்பின் முடிவு உங்களுடையது.