வீட்டிலே ஒரு விமானி அறை

ஆகாய விமானம் ஓட்டக் கற்பவர் தம் முதல் பாடத்தையே ஆகாயத்தில் கற்க வேண்டுமா? தேவையில்லை. தரையை விட்டு ஓர் அங்குலமும் எழும்பாமல் பறக்கப் பழக்கும் சாதனம் ஒன்று உண்டு. அதற்குச் 'சிமுலேட்டர்' என்று பெயர்.

இச்சாதனத்தை உலகறியச் செய்தவர் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் அவருடைய தந்தை பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, சாயவும் திரும்பவும் கூடிய ஒரு குட்டி விமானத்தை லிங்க் 1929இல் செய்தார். முதலில் அது பொழுதுபோக்குப் பூங்காக்களில் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியை ஏற்றபோது, மோசமான வானிலையில் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே இராணுவம் அவரிடம் ஆறு சாதனங்களை வாங்கியது. விளையாட்டுப் பொருள் உயிர் காக்கும் பொருளாயிற்று.

இன்று வீட்டுக் கணினியிலேயே சிமுலேட்டர் இயங்குகிறது. 'ஃப்ளைட்கியர்' என்ற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் விசைப்பலகையைத் தட்டி விமானம் ஓட்டுவது, கரண்டி இல்லாமல் குழம்பு பரிமாறுவது போன்றது. ஆகவே சென்ற விடுமுறையில் அப்பாவும் நானும் கைப்பிடிகளை நாங்களே செய்ய முற்பட்டோம்.

முதலில் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் 'த்ராட்டில்' கைப்பிடி. இதன் உயிர்நாடி, வானொலிப் பெட்டியின் ஒலித் திருகில் இருப்பது போன்ற மாறும் மின்தடை. அதில் மூன்று முனைகள் உண்டு. ஓரத்து முனைகள் இரண்டுக்கும் இடையே 5 வோல்ட் மின்னழுத்தம் தருகிறோம். திருகைச் சுழற்றினால் நடு முனையின் அழுத்தம் 0 முதல் 5 வோல்ட் வரை மாறுகிறது. மின்தடை 10,000 ஓம். ஆகவே நாம் படிக்கும் ஓம் விதிப்படி ஓடும் மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியர்தான். கையில் பட்டாலும் பயமில்லை.

நடு முனையை 'அர்டுயினோ லியனார்டோ' என்ற சிறு மின்னணுப் பலகையுடன் இணைக்க வேண்டும். அது அந்த அழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாற்றும். உரிய நிரலை அதில் ஏற்றிவிட்டால், கணினி அதனை ஒரு விளையாட்டுக் கைப்பிடி என்றே எண்ணிக்கொள்ளும். கடையில் வாங்கும்போது 'லீனியர்' வகை மின்தடை என்று கேட்க வேண்டும். ஒலிக்கென்றே செய்தது சீராக மாறாது.

அடுத்து, சுக்கானைத் திருப்பும் மிதிகள். நடுவில் ஆணியில் சுழலும் ஒரு பலகை போதும். இடக்காலை முன்னே தள்ளினால் வலக்கால் தானே பின்னே வரும். விமானத்தின் மூக்கு இடப்புறம் திரும்பும். பலகையின் அச்சில் இன்னொரு மின்தடையைப் பொருத்தினோம்.

பிறகு சக்கரங்களை மடக்க ஒரு சுவிட்சும், 'ஃப்ளாப்' எனப்படும் இறக்கை மடல்களை இயக்க ஒரு சுவிட்சும் அருகருகே வைத்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. பார்க்க அழகாக இருந்தன! வீட்டார் அனைவரும் சூழ்ந்து நிற்க, திரையில் ஓடுபாதையை நெருங்கினேன். மடலைச் சிறிது குறைக்க எண்ணிச் சுவிட்சைத் தள்ளினேன். நான் தள்ளியது சக்கரத்தின் சுவிட்சை! விமானம் வயிறு தேய்ந்து நின்றது. "கவனமில்லாத பெண்" என்று அண்ணன் சிரித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் வைத்தால், காபி கரித்ததற்கு யார் காரணம்?" என்று கேட்டார்கள்.

இதே கேள்வியை இரண்டாம் உலகப் போரின்போது அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் கேட்டிருக்கிறார் என்பதைப் பின்னர் படித்து வியந்தேன். பி-17 போன்ற போர் விமானங்களை நல்லபடியாகத் தரையிறக்கிய விமானிகள், மடலை மடக்குவதாக எண்ணிச் சக்கரத்தை மடக்கி விபத்துக்குள்ளாயினர். எல்லாரும் விமானிகளைக் குறை கூறினர். அவரோ விமானி அறையைப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் ஒன்றுபோலவே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்தின் கைப்பிடியில் சிறு ரப்பர் சக்கரமும், மடலின் கைப்பிடியில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தச் செய்தார். கண் பாராமலே கை அறிந்துகொண்டது. இன்று பெரிய பயணிகள் விமானங்களில் இவ்வடிவங்கள் விதியாகவே உள்ளன.

அன்று மாலையே அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பழைய நூல்கட்டையிலிருந்து வட்டமாக ஒரு துண்டு அறுத்துச் சக்கரச் சுவிட்சில் ஒட்டினேன். மடல் சுவிட்சுக்கு ஐஸ்கிரீம் குச்சி. அழகு குறைந்தது, ஆனால் அதற்குப் பின் ஒரு முறையும் என் கை தவறவில்லை.

அன்புத் தோழியரே! நம் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் சிஸ்டரைக் கவனித்திருப்பீர்கள். அவர்களுடைய கண் பாட்டுப் புத்தகத்தில் இருக்கும். விரல்களோ தம் இடத்தைத் தாமே அறியும். ஒரு கருவி அவ்வாறு கைக்குப் புரியும்படி அமைய வேண்டும். இனி யாரேனும் ஒரு பிழை செய்தால், "கவனமில்லாதவள்" என்று சொல்வதற்கு முன், அவள் கைக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி