சைகையைப் பேச்சாக்கும் கையுறை: மாணவர் திட்டங்கள் தடுமாறுவது எங்கே? - ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டக் கண்காட்சிகளில் அடிக்கடி இடம்பெறும் கருவிகளில் ஒன்று, கைச்சைகையை உணர்ந்து அதைக் குரலாக மாற்றும் கையுறை. சில ஆயிரம் ரூபாய் செலவில் ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கக்கூடியது என்பதாலும், காது கேளாதோருக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தாலும் மாணவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கின்றனர். மேடையில் பாராட்டைப் பெறும் இத்தகைய கருவி, அன்றாடப் பயன்பாட்டுக்கு வருவது மட்டும் அரிதாகவே உள்ளது. அதற்கான காரணங்கள் மின்னணுவியலிலும் மொழியியலிலும் உள்ளன.

பழைய காந்தளூர்ச் சாலை இயங்கிய இடமாகப் பலரால் கருதப்படும் வலியசாலை, திருவனந்தபுரம் நகரில் உள்ளது. அப்பெயரைத் தாங்கிய மகாதேவர் கோயிலும், தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் அக்கிரகாரமும் அங்கு உண்டு. 1939-இல் தொடங்கப்பட்ட பொறியியல் கல்லூரியும், 1997-இல் நிறுவப்பட்ட தேசிய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் (நிஷ்) இதே நகரில்தான் இயங்குகின்றன. ஆக்குளத்தில் உள்ள நிஷ், செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குப் பட்டப்படிப்புகளை நடத்துகிறது. கருவியை வடிவமைப்போரும் அதைப் பயன்படுத்த வேண்டியோரும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும் நகரம் இது.

கையுறை எவ்வாறு செயல்படுகிறது?

விரல்களின் மேல் பொருத்தப்படும் வளைவு உணரி (பிளெக்ஸ் சென்சார்) அடிப்படையில் ஒரு மின்தடை. விரல் நேராக இருக்கும்போது தடை குறைவாகவும், மடங்கும்போது அதிகமாகவும் இருக்கும். ஒரு நிலையான மின்தடையுடன் தொடராக இணைத்தால், விரலின் வளைவு மின்னழுத்த மாற்றமாக வெளிப்படும். ஆர்டுயினோ ஊனோ பலகை அதை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் பதிவு செய்கிறது.

கை எந்தப் பக்கம் சாய்ந்துள்ளது, எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை முடுக்கமானியும் சுழல்மானியும் இணைந்த சிறு சில்லு அளிக்கிறது. மூன்று அச்சுகளில் முடுக்கம், மூன்று அச்சுகளில் சுழற்சி என ஆறு எண்கள் அதிலிருந்து கிடைக்கும். ஐந்து விரல்களின் எண்களைச் சேர்த்தால் ஒரு கைக்குப் பதினொன்று. நொடிக்கு 50 முறை அளந்தால், இரண்டு நொடிச் சைகை ஒன்று 1,100 எண்களாகிறது. இந்த எண் வரிசையை முன்பே பதிவு செய்த மாதிரிகளுடன் ஒப்பிட்டு, நெருக்கமானதைக் கணினி தேர்ந்தெடுக்கிறது.

இங்கேயே முதல் சிக்கல் எழுகிறது. ஊனோ பலகையில் ஒப்புமை (அனலாக்) உள்ளீடுகள் ஆறு. ஐந்து உணரிகளுக்கு அவை போதும் என்று தோன்றும். ஆனால் முடுக்கமானிச் சில்லு, பொதுவாக, ஏ4, ஏ5 முனைகளின் வழியாகவே தரவை அனுப்புகிறது. எனவே விரல்களுக்கு நான்கு உள்ளீடுகள்தான் எஞ்சுகின்றன. எட்டு உள்ளீடுகள் கொண்ட நானோ பலகையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்தால் இந்த நெருக்கடி வராது.

துல்லியம் என்ற கணக்கு

இரண்டாவது சிக்கல் சோதனை முறையில் உள்ளது. கையுறையைச் செய்தவரே ஒவ்வொரு சைகையையும் பலமுறை செய்து பதிவிடுகிறார். அதே பதிவுகளில் ஒரு பகுதியைச் சோதனைக்கும் ஒதுக்குகிறார். அதனால் துல்லியம் மிக உயர்ந்ததாகத் தெரிகிறது. வேறொருவர் அணிந்தவுடன் கையின் அளவும் அசைவின் வேகமும் மாறுவதால் அந்த எண்ணிக்கை சரிகிறது. பத்துப் பேரிடம் பதிவு செய்து, ஒன்பது பேரின் தரவைக் கொண்டு பயிற்சி அளித்து, பத்தாமவரிடம் சோதிப்பதும், அவ்வாறே ஒவ்வொருவரையும் மாற்றிச் சோதிப்பதும் நேர்மையான முறை. எண்ணிக்கை குறைவாக வந்தாலும் அதுவே நம்பத்தக்கது.

சைகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்டறிவது மற்றொரு சவால். தலைமுடியைக் கோதுவதையும் தேநீர்க் குவளையை எடுப்பதையும் கருவி ஒரு சொல்லாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கண்காட்சியில் ஒவ்வொரு சைகைக்குப் பின்னும் கை அசையாமல் நிறுத்தப்படுவதால் இக்குறை வெளியே தெரிவதில்லை.

மொழி கையில் மட்டும் இல்லை

மூன்றாவது சிக்கல் அடிப்படையானது. அமெரிக்கச் சைகை மொழி தனித்த கட்டமைப்புடைய ஒரு மொழி என்பதை வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் எடுத்துக்காட்டினார். கைவடிவம், இடம், அசைவு ஆகியவற்றுடன் முகபாவமும் தலையசைவும் உடல் திருப்பமும் சைகை மொழிகளின் இலக்கணத்தில் பங்கு பெறுகின்றன. ஒரே கைச்சைகை, புருவ அசைவால் கேள்வியாகலாம், தலையசைவால் மறுப்பாகலாம். கையுறை இவற்றில் எதையும் காண்பதில்லை.

இந்தியச் சைகை மொழியில் இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்கச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டலாம். இந்தியச் சைகை மொழியில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரு கைகளும் தேவை. வெளிநாட்டு மாதிரியைப் பார்த்துச் செய்யப்படும் ஒற்றைக் கையுறை, இங்குள்ளவர்கள் பயன்படுத்தும் எழுத்துகளைக்கூட முழுமையாக உணராது. தில்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உள்ளன. மாணவர் கையுறைகள் பலவும் சில பத்துச் சொற்களுடன் நின்றுவிடுகின்றன.

பரிசும் விமர்சனமும்

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களான நவீத் அசோதி, தாமஸ் பிரையர் ஆகியோர் வடிவமைத்த ‘சைன்அலவுட்’ கையுறைகளுக்கு 2016-இல் 10,000 டாலர் மதிப்புள்ள லெமல்சன்-எம்.ஐ.டி. மாணவர் பரிசு கிடைத்தது. கையுறைகள் சைகை மொழியைப் பேச்சாக மொழிபெயர்க்கின்றன என்று ஊடகங்கள் எழுதின.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைகை மொழி ஆசிரியர்களும் மொழியியலாளர்களும் இதை மறுத்துத் திறந்த மடல் எழுதினர். சில தனிச் சைகைகளை அடையாளம் காண்பது மொழிபெயர்ப்பு ஆகாது என்பதும், காது கேளாதோரின் பங்களிப்பின்றி அவர்களுக்கான கருவி வடிவமைக்கப்படக் கூடாது என்பதும் முக்கிய விமர்சனங்கள். கையுறை ஒருவழிப் பாதை என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. காது கேளாதவர் சொல்வதை மற்றவர் கேட்கலாம். மற்றவரின் பதில் அவரைச் சென்றடைய அது உதவாது. கருவியை அணியும் சுமையும் அவர் மீதே விழுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளோர் சுமார் 50.7 லட்சம் பேர். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் இவர்களுக்குத் தேவைப்படுவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர். கையுறை வந்துவிட்டது என்ற எண்ணம் பரவினால் அந்தத் தேவை பின்னுக்குத் தள்ளப்படும் ஆபத்து உண்டு.

எங்கே பயன்படுகிறது?

சைகையை மொழியாகக் கருதாமல் கட்டளையாகக் கொண்ட கருவிகள் ஓரளவு வெற்றி பெற்றுள்ளன. கேரளத்தைச் சேர்ந்த ரோஹில்தேவ் தலைமையிலான குழு, கொச்சி ஸ்டார்ட்அப் வில்லேஜில் உருவாக்கிய ‘ஃபின்’ மோதிரத்தை 2014-இல் அறிமுகப்படுத்தியது. கட்டைவிரலில் அணிந்து, மற்ற விரல்களைத் தொட்டு, கைப்பேசியை இயக்கும் வகையில் அது திட்டமிடப்பட்டது. கனடாவின் தால்மிக் லேப்ஸ் நிறுவனம், முன்கைத் தசைகளின் மின் குறிப்புகளை உணரும் ‘மையோ’ பட்டையை விற்று, 2018-இல் நிறுத்தியது. 2023-இல் ஆப்பிள் கைக்கடிகாரத்தில், இரு விரல்களை இருமுறை தட்டி அழைப்பை ஏற்கும் வசதி வந்தது. ஒன்றிரண்டு சைகைகளை மட்டும் பிழையின்றி உணர்வதே இதன் சிறப்பு.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

படுக்கையில் உள்ள நோயாளி ஒரு விரலை மடக்கினால் செவிலியரை அழைக்கும் பட்டை, பக்கவாதத்துக்குப் பின் இயன்முறைப் பயிற்சியில் விரல்களின் வளைவை நாள்தோறும் அளக்கும் கையுறை, அழைப்பு மணியோ குழந்தையின் அழுகையோ கேட்டால் காது கேளாத பெற்றோரின் மணிக்கட்டில் அதிரும் கருவி ஆகியவற்றை, இதே பாகங்களுடன் சிலவற்றைச் சேர்த்து உருவாக்கலாம். இவற்றுக்கு நான்கைந்து குறிப்புகள் போதும். பயனும் உடனே தெரியும்.

திருவனந்தபுரத்தின் ஈரப்பதத்தில் கையுறைக்குள் வியர்வை தேங்கும் என்பதையும், அதைத் துவைக்க வேண்டியிருக்கும் என்பதையும் கருத்தில் கொண்டு, மின்பாகங்களைத் தனியே கழற்றும் வகையில் அமைப்பது நல்லது.

சைகை மொழியைப் பற்றியே திட்டம் செய்ய விரும்புவோர், முதல் உணரியை வாங்கும் முன்பே அம்மொழியைப் பேசுவோரைச் சந்தித்து, அவர்களுக்கு எது தேவை என்று கேட்டறிவது அவசியம். அவர்கள் கையுறை வேண்டாம் என்று சொன்னால், திட்டத்தை மாற்றிக்கொள்ளப் பருவத்தின் முதல் வாரத்தில் நேரம் இருக்கும்; கண்காட்சி நாளில் இருக்காது.