மணல்மேட்டில் ஏறுமுன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது சாம். குளிர்காலத்தில் மாலை நேரமானால் அங்குள்ள மணல்மேடுகளின் அடிவாரத்தில் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். ராஜஸ்தான் சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்களின் பயணத்திட்டத்திலும் ‘ஜீப் சஃபாரி’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். கூரையில்லாத வண்டியின் பின்புறம் குழந்தைகளை நிற்கவைத்து, மேலே உள்ள இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேட்டின் உச்சியிலிருந்து வண்டியைச் சரிவில் இறக்குவார்கள். வண்டி கவிழ்ந்தால், உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் நசுங்காமல் காப்பதற்காக வைத்த கம்பி அது. நின்றபடி அதைப் பிடித்திருப்பவரின் கையும் தலையும்தான் கவிழும்போது முதலில் அதனடியில் மாட்டும்.

எந்த வண்டி மணலில் நன்றாக ஏறும் என்று பேசும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பாதுகாப்பு, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று சொல்பவர்கள்தான் குறைவு. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மணல். காற்று வந்து மோதும் பக்கம் மேடு மெல்ல உயரும். பெரும்பாலும் 10 முதல் 15 பாகைச் சரிவுதான். காற்று அழுத்தி அழுத்தி அந்தப் பக்கத்து மணல் ஓரளவு இறுகியிருக்கும். மறுபக்கம், உச்சியைத் தாண்டி வந்து விழுந்த மணல் 30 முதல் 34 பாகை வரை செங்குத்தாக, தொட்டால் சரியும் நிலையில் நிற்கும். பெரிய ஆபத்து இந்தப் பக்கத்தில்தான். நேராக இறங்கினால் வண்டி வழுக்கியபடி கீழே வந்து சேரும். குறுக்காக ஓட்டினால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் புதைந்து, வண்டி பக்கவாட்டில் உருளும். பயந்துபோய் பாதிச் சரிவில் ஸ்டீயரிங்கை மேட்டுப் பக்கம் திருப்புவது தவறு. வண்டி சாயத் தொடங்கினால் சரிவின் கீழ்ப்புறம் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும். நடுப்பகலில் நிழல் விழாததால் பள்ளம் எது, மேடு எது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் மணலில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

இனி வண்டிகள். மணலில் எடை குறைந்த வண்டிக்கு எப்போதும் ஒரு சலுகை உண்டு. பழைய மாருதி ஜிப்ஸி சுமார் 1,000 கிலோதான். எஞ்சின் சிறியது, ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக மணலில் அது தாக்குப்பிடிப்பதற்கு அந்த எடைதான் காரணம். அதன் வாரிசான ஜிம்னி சுமார் 1,200 கிலோ. ஆனால் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைதான் என்பதால் நீண்ட ஏற்றத்தில் வேகம் பிடித்தே ஏற வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி கிளம்புவது கடினம். மஹிந்திரா தாரின் பெட்ரோல் எஞ்சின் 150 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத முறுக்குவிசையும் தருகிறது. ஜிம்னியைவிட ஏறக்குறைய அரை டன் கூடுதல் எடையை அது சுமந்தாலும், ஏற்றத்தில் ஓட்டுநருக்கு அவகாசம் கொடுக்கும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு அச்சுகளுக்கும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஒரு சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தாலும் மற்றது இழுக்கும். புதைந்த வண்டியை வெளியே எடுக்க இதற்கு இணையில்லை. ஆனால் முன் லாக் போட்ட நிலையில் ஸ்டீயரிங் எளிதில் திரும்பாது என்பதைச் சரிவில் மறக்கக்கூடாது. 500 நியூட்டன் மீட்டர் தரும் டொயோட்டா ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக்கில் ஏற்றம் சுலபம். கிளட்ச் கருகும் கவலையும் இல்லை. ஆனால் இரண்டு டன்னுக்கு மேல் எடை; புதைந்தால் வெளியே இழுக்க இன்னொரு பெரிய வண்டி வேண்டும்.

என் தீர்ப்பு கேட்டால், புதிதாக ஓட்டுபவருக்குத் தார் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ்; அனுபவசாலியின் கையில் ஜிம்னி. ஆனால் அதே தார் 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கர இயக்கத்திலும் விற்கப்படுகிறது. தார் ராக்ஸிலும் அப்படிப்பட்ட வகைகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ‘ஃபோர் பை ஃபோர் சஃபாரி’ என்று பணம் வாங்கிக்கொண்டு இந்த வகை வண்டியில் ஏற்றினால் அது சேவைக் குறைபாடு. உள்ளே ஃபோர் ஹை, ஃபோர் லோ என்று மாற்றும் சிறு கம்பியோ சுவிட்சோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

எந்த வண்டியானாலும் டயரில் காற்றைக் குறைக்காமல் மணலில் இறக்கக்கூடாது. சாலைக்கு 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் அழுத்தத்தை 15 முதல் 18 வரை குறைத்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து, எடை பரவி, மணலின் மேல் மிதந்து போகும். அதற்கும் கீழே குறைத்துவிட்டு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பிச் சாலையேறும் முன் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும். தளர்ந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி வெடிக்கும். புதைந்த வண்டியை, டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கயிறு கட்டி இழுப்பது உயிரோடு விளையாடுவது. அது முறிந்து குண்டுபோலப் பறந்து வந்து ஆளைக் கொன்ற விபத்துகள் நடந்திருக்கின்றன. இழுப்பதற்கென்று சட்டகத்தில் பொருத்திய கொக்கியில்தான் கட்ட வேண்டும், மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும்.

கர்ப்பிணிகள், முதுகுத்தண்டு அல்லது கழுத்துப் பிரச்சினை உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தச் சவாரியைத் தவிர்க்க வேண்டும். உச்சியிலிருந்து வண்டி எகிறி விழும்போது அடி நேராக முதுகெலும்புக்குத்தான் போகும்.

இப்போது நம்பர் பிளேட்டுக்கு வருவோம். வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டும். பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்தாக இருக்கும். வெள்ளைப் பிளேட் போட்ட சொந்த வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. சொந்த உபயோகக் காரின் பாலிசி, வாடகை உபயோகத்தை வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இதைச் சொல்லியே கைவிரிக்கப் பார்க்கும். இழப்பீட்டுச் சுமை வண்டி உரிமையாளர் தலையில் விழும். அவரிடம் வசதி இல்லாவிட்டால் தீர்ப்பு உங்கள் கையில் வெறும் தாளாக இருக்கும். ஏறுமுன் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் இரண்டும் எதுவரை செல்லும் என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

சொந்த வண்டியில் போகிறவர்களும் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. இயந்திரக் கோளாறுக்கும் கிடையாது. மணலில் கிளட்ச் கருகினால் செலவு உங்களுடையது. கறுப்புப் பிளேட் செல்ஃப் டிரைவ் வண்டியென்றால் வாடகை ஒப்பந்தத்தில் மணலில் ஓட்டத் தடை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால் 112, ஆம்புலன்சுக்கு 108. காயம்பட்டவரைக் கவனித்த கையோடு வண்டி எண், ஓட்டுநரின் லைசென்ஸ், பணம் கட்டிய ரசீது, இடம் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். அங்கே புகார் கொடுக்க முடியாமல் ஊர் திரும்பிவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். புகார்தாரருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசம்.

‘இது சாலையே இல்லை, கேஸ் நிற்காது’ என்று அங்கே சொல்வார்கள். நம்பாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், மக்களுக்கு நுழையும் உரிமை உள்ள இடத்தையும் பொது இடம் என்றே சொல்கிறது. ‘சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்’ என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும், ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு அந்தத் தாள் முழுக் கேடயம் ஆகிவிடாது.

நம்மவர்கள் வழக்கைக் கைவிடுவதற்கு முக்கியக் காரணம் தூரம்தான். ஜெய்சல்மேர் நீதிமன்றத்துக்கு யார் அலைவது என்று விட்டுவிடுகிறார்கள். அலையவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் ஊருக்கு உரிய இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியில், கோவைக்காரர் கோவையில். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்பது 2019 திருத்தத்தில் வந்த விதி. ஆகவே தள்ளிப்போடக்கூடாது.

விபத்து இல்லாமல் ஏமாற்று மட்டும் நடந்திருந்தால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கேயும் அதே வசதியைத் தருகிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அவகாசம் 2 ஆண்டுகள். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை; வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமைச் சுற்றியுள்ள பகுதியில்தான் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. கானமயில் எனப்படும் அருகிவரும் பறவை அங்கே வெறும் தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடுகிறது. ஓட்டுநர் எவ்வளவு அழைத்தாலும் வேலி தாண்டிய மணலுக்குப் போகாதீர்கள். எல்லைப் பக்கம் அனுமதியின்றி நுழைவதும் குற்றம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எல்லோருக்கும் சீட் பெல்ட் இல்லாத வண்டியில் ஏறாதீர்கள். முன்பணம் போனாலும் போகட்டும், இறங்கிவிடுங்கள். அந்தப் பணத்தை 1915 மூலம் கேட்டுப் பெற வழி இருக்கிறது.