கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல்

வண்ண வீடியோவைத் தரம் குறைந்தது தெரியாமல் சுருக்க முடியும். ஆனால் வெட்டி எறிந்தது திரும்ப வராது.

கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். ஹெச்டி படத்தின் ஒரு ஃபிரேமில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். விநாடிக்கு 25 ஃபிரேம்கள். இதை அப்படியே பதிவு செய்தால் இரண்டரை மணி நேர சினிமாவுக்கு சுமார் 1,400 ஜிபி இடம் வேண்டும். ஆனால் அதே படம் 10 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. பார்ப்பவருக்குக் குறை தெரிவதில்லை. மீதி 1,390 ஜிபி எங்கே போயிற்று?

முதல் வெட்டு நிறத்தில். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாகக் கவனிக்கும் கண், நிறத்தின் நுணுக்கத்தில் அலட்சியம் காட்டுகிறது. எனவே வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி பதிந்துகொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒருமுறை பதிகிறார்கள். இதிலேயே பாதி சுமை இறங்கிவிடும். 1953இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட வண்ணத் தொலைக்காட்சி முறையும் கண்ணின் இதே பலவீனத்தை நம்பித்தான் அமைந்தது.

இரண்டாவது வெட்டின் சூத்திரதாரி பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1972இல் தன் யோசனைக்கு அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிதாக இருக்கிறதாம்! அவர் விடவில்லை. மறு ஆண்டு கோடை விடுமுறையில், சம்பளம் இல்லாமலேயே அந்த வேலையைத் தொடர்ந்தார். மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளியாயிற்று.

அதன் வழிவந்த முறையில், படத்தை 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். அந்த 64 எண்களும் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. சதுரத்தின் பரவலான சாயல் முன்வரிசைக்கு வரும். மிக நுண்ணிய விவரங்கள் பின்வரிசைக்குப் போகும். பின்வரிசையைக் கண் பெரிதாகப் பொருட்படுத்தாது என்பதால் அதைத் தோராயமாக்கினால் போதும். பல எண்கள் பூஜ்யமாகிவிடும். ஜேபெக் புகைப்படம், விசிடி, டிவிடி எல்லாமே இந்தக் கணக்கின் வாரிசுகள்தான்.

மூன்றாவது வெட்டு அசைவில். செய்தி வாசிப்பவரின் உதடு அசைகிறது, பின்னணி அசைவதில்லை. பின் எதற்கு முழுப் படத்தையும் விநாடிக்கு 25 முறை எழுத வேண்டும்? டிவிடியில் ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒரு முறைதான் முழுப் படம். இடையில் வருபவை மாற்றங்களின் குறிப்புகளே.

வெட்டு அளவு மீறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். 1993இல் வரையறுக்கப்பட்ட விசிடியில் படத்துக்குக் கிடைத்தது விநாடிக்கு 1.15 மெகாபிட் மட்டுமே. மழைக் காட்சியும் கூட்ட நடனமும் வந்தால் திரை கட்டம் கட்டமாக உடைந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2003இல் வந்த ஹெச்.264 முறை இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது. அதற்கான எக்ஸ்264 மென்பொருளில் தர எண்ணை 18 அளவில் வைத்தால், அசலையும் நகலையும் வேறுபடுத்துவது பெரும்பாலோருக்குக் கடினம். எண்ணைக் குறைத்தால் தரமும் கூடும், ஃபைலும் பெருக்கும்.

இங்கே சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. 'இழப்பில்லாதது' வேறு, 'இழப்பு தெரியாதது' வேறு. முன்னதில் ஒரு பிட்கூடக் குறையாது. ஆனால் பெரும்பாலும் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்குத்தான் சுருங்கும். ஆவணக் காப்பகங்கள் விரும்பும் எஃப்எஃப்வி1 இந்த ரகம். பின்னது நூறில் ஒரு பங்காகவும் சுருங்கும். ஆனால் போனது போனதுதான். இருண்ட காட்சியைப் பிற்பாடு வெளிச்சமாக்க முயன்றால் மறைந்திருந்த கட்டங்கள் பல்லிளிக்கும். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால், முறைக்கு முறை தரம் தேயும்.

கல்யாண வீடியோவானாலும் பழைய சினிமாவானாலும் சுருக்கிய பிரதி பார்ப்பதற்கு, அசல், பாதுகாப்பதற்கு. இடம் போதவில்லை என்று அசலை அழிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: எதை வெட்டலாம் என்று முடிவு செய்தது இன்றைய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கண். நாளை இதைவிடப் பெரிய, இதைவிடத் துல்லியமான திரை வரும். அப்போது தேடினால் கிடைக்காது.