அகதியாக வந்தார்... சீஸ் விருது வென்றார்! - யார்க்‌ஷயரைக் கலக்கும் சிரியா பெண்

தோசைக்கல்லில் போட்டால் உருகாது. இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சிவக்கும். கடித்தால் பல்லில் பட்டு 'கீச் கீச்' என்று சத்தம் போடும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தயாராகும் இந்த சீஸின் பெயரே 'யார்க்‌ஷயர் ஸ்க்வீக்கி சீஸ்'. அதாவது, கீச்சிடும் சீஸ்!

இதை உருவாக்கியவர் ரஸான் அல்சூஸ். சிரியாவின் டமாஸ்கஸ் நகரத்தைச் சேர்ந்தவர், மருந்தியல் படித்தவர். உள்நாட்டுப் போர் தீவிரமானதும், கணவர், மூன்று குழந்தைகளுடன் 2012-ல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். படிப்பு இருந்தும் புதிய நாட்டில் வேலை கிடைக்கவில்லை.

அடுத்து என்ன? வழிகாட்டியது காலை உணவுதான்!

சிரியா வீடுகளில் காலைச் சாப்பாட்டுத் தட்டில் சீஸ் கட்டாயம் இருக்கும். குறிப்பாக, சைப்ரஸ் நாட்டின் புகழ்பெற்ற 'ஹலூமி' வகை சீஸ். யார்க்‌ஷயரிலோ தரமான பசும்பாலுக்குப் பஞ்சமே இல்லை. 'அந்தப் பாலில் இந்த சீஸைச் செய்தால் என்ன?' என்று யோசித்தார் ரஸான். 2014-ல் 2,500 பவுண்டு கடன் வாங்கித் தொழிலில் இறங்கினார்.

இது நம் பனீர் போலத் தெரிந்தாலும் செய்முறை வேறு. பனீருக்கு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாலைத் திரிய வைக்கிறோம். இதில் ரென்னெட் என்ற நொதியைச் சேர்த்துப் பாலை உறைய வைக்கிறார்கள். பிறகு அந்தக் கட்டிகளை, பிரிந்து வந்த தண்ணீரிலேயே சூடாக வேக வைத்து, உப்பு நீரில் ஊற விடுகிறார்கள். அதில் புளிப்பு குறைவு. புரதம் இறுக்கமாகப் பின்னிக்கொள்ளும். அதனால்தான் சூட்டில் உருகுவதில்லை, கடித்தால் கீச்சிடுகிறது.

தொழில் தொடங்கி நான்கே மாதங்களில், உலக சீஸ் விருதுகளில் வெண்கலம் வென்றார் ரஸான். பிரிட்டனைச் சேர்ந்த 'கில்ட் ஆஃப் ஃபைன் ஃபுட்' அமைப்பு நடத்தும் இந்தப் போட்டியில், உறையையும் லேபிளையும் நீக்கிவிட்டுத்தான் நடுவர்கள் முன் சீஸை வைப்பார்கள். பெரிய கம்பெனியா, சின்ன அறையில் செய்ததா என்பது நடுவர்களுக்குத் தெரியாது. தோற்றம், மணம், ருசி... இவற்றுக்கு மட்டுமே மதிப்பெண். புதிதாக வருபவர்களுக்கு இது பெரிய வரம்!

ஆனால், கடை அலமாரியில் பெயர் முக்கியமாயிற்றே? அங்கேதான் சிக்கல் வந்தது. 'ஹலூமி' என்ற பெயருக்கு சைப்ரஸ் உரிமை கொண்டாடியதால், ரஸான் அதைப் பயன்படுத்த முடியவில்லை. கடிக்கும்போது எழும் சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார். பிரிட்டன் மக்கள் பேச்சுவழக்கில் ஹலூமியை 'ஸ்க்வீக்கி சீஸ்' என்று சொல்வதுண்டு என்பதால், பெயர் சட்டென ஒட்டிக்கொண்டது.

அடுத்த சில ஆண்டுகளில் அதே போட்டியில் தங்கமும் கிடைத்தது. சோவர்பி பிரிட்ஜ் என்ற ஊரில் அமைந்த இவரது புதிய தயாரிப்புக் கூடத்தை இளவரசி ஆன் திறந்துவைத்தார். இப்போது மிளகாய், புதினா, ரோஸ்மேரி சேர்த்த வகைகளும் தயாராகின்றன.

வேலை தேடி அலைந்த ரஸான், இன்று தன் சீஸ் பண்ணையில் மற்றவர்களுக்கு வேலை கொடுக்கிறார்!