தாத்தா ஊர் தென்னாற்காடு! - டர்பனிலிருந்து வேர் தேடும் தமிழர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ‘படையாச்சி’ என்பது சர்வசாதாரணமான குடும்பப் பெயர். அந்தப் பெயரோடு இருக்கும் பலருக்குத் தமிழ் பேச வராது. ஆனால், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். “அட, நம்ம பக்கத்து ஆளாச்சே!” என்பார்கள்.

வெள்ளாற்றங்கரைப் பெயர் இந்தியப் பெருங்கடல் தாண்டியது எப்படி?

கரும்புக்குப் போனவர்கள்

பிரிட்டிஷ் காலனிகளில் 1834-ல் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டுமே? இந்தியாவில் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். மொரிஷியஸ், கரீபியன் தீவுகளைத் தொடர்ந்து, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் ஆள் எடுத்தார்கள். மதராஸிலிருந்து 342 பேரோடு கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல், 1860 நவம்பர் 16-ல் டர்பனை அடைந்தது. 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பலேறியவர்கள். அதிகம் பேரை அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று தென்னாற்காடு. இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் சேர்ந்திருந்த பழைய ஜில்லா அது.

வானம் பார்த்த பூமி, கடன், 1876-78-ன் தாது வருஷப் பஞ்சம்... கப்பலேறக் காரணங்களுக்குக் குறைவில்லை. ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க நினைத்தவர்கள் மீது, 1895-ல் ஒரு சட்டம் ஆண்டுக்கு 3 பவுண்ட் வரி போட்டது. அதாவது 60 ஷில்லிங். முதலாண்டுக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம்! அந்த வரியை எதிர்த்துத்தான் 1913-ல் காந்தியோடு தமிழ்த் தொழிலாளர்கள் திரண்டார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரியில் தன் 16-வது பிறந்தநாளன்று இறந்தார். அதே ஆண்டு வரி ரத்தானது.

கையில் இருப்பது ஒரே ஒரு வரி

அலெக்ஸ் ஹேலியின் ‘ஏழு தலைமுறைகள்’ நாவலைப் படித்தவர்களுக்குக் குந்தா கிந்தேயை மறக்க முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவனின் பெயரையே எஜமானர்கள் மாற்றினார்கள். நேட்டாலுக்குப் போன நம்மவர்கள் விஷயத்தில், கணக்குக்காகவாவது எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை ஒரே வரியில்!

அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பேரன் பேத்திகள் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ்நாட்டுக்கு வழி தேடுகிறார்கள்.

சிக்கல் எங்கே தெரியுமா? எழுத்தர் காதில் விழுந்ததுதான் ஊர்ப் பெயர். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆனார். பட்டம் இல்லாத பலருக்கு மூதாதையின் பெயரே குடும்பப் பெயரானது. முனுசாமியின் வம்சம் இன்று ‘மூன்சாமி’ குடும்பம்.

ஈஸ்டரில் தீமிதி

மொழி நழுவினாலும் சாமி நழுவவில்லை. தென்னாற்காட்டு ஊர்களின் திரௌபதி அம்மன் தீமிதி, டர்பனிலும் உண்டு. ஈஸ்டர் விடுமுறையில் நடக்கிறது. நமக்கு ஆடியில் கூழ் ஊற்றுவது போல அவர்களுக்கும் மாரியம்மன் கூழ் உண்டு. பெயர் மட்டும் ஆங்கிலத்தில், ‘போரிட்ஜ் பிரேயர்’!

இந்த நினைவுகளைக் காப்பாற்றியது சுலபமல்ல. உம்பிலோ ஆற்றங்கரையில் 1869-ல் எழுந்த கோயிலை 1905 வெள்ளம் அடித்துப்போனது. மக்கள் கேட்டோ மேனர் பகுதியில் மறுபடி கட்டினார்கள். பிறகு நிறவெறி அரசு, 1950-ன் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனர் குடும்பங்களைக் கிளப்பி, சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களுக்குத் தள்ளியது. இரண்டாவது முறையாக ஊர் இழந்தார்கள். அம்மனை விடவில்லை.

நம் பக்கம் என்ன இருக்கிறது?

போனவர்களின் வம்சம் தேடுகிறது. மறந்தது நாம்தான். ஆனால், அங்கே இருக்கும் பட்டியலைப் படிக்கத் தேவையான அறிவு இங்கேதான் இருக்கிறது. பட்டியலில் ‘கொளஞ்சி’ என்ற பெயரைப் பார்த்தால் வெளியூர் ஆய்வாளர் குழம்பலாம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரைக் கும்பிடும் நம் ஊர்க்காரர், “இது விருத்தாசலம் பக்கம்” என்று உடனே ஊகித்துவிடுவார். ஆங்கிலத்தில் சிதைந்த ‘டிட்டகூடி’ திட்டக்குடியாக இருக்கலாம் என்பதும் உரக்கப் படித்தால் நமக்குப் புரியும்.

வேர் தேடி யாராவது வந்தால், முதலில் கிராமப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து, அவர்கள் வீட்டில் கும்பிடும் சாமியைக் கேளுங்கள்; குலதெய்வம் தெரிந்தால் வகையறாவை நெருங்கிவிடலாம். அங்காளிபங்காளிகளில் மூத்தவர்களிடம் அழைத்துப் போங்கள். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உறவென்று முடிவு கட்டாதீர்கள். தகப்பன் பெயரும் ஊரும் பொருந்த வேண்டும்.

யாரும் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் 80 வயதைத் தாண்டிய தாத்தா, ஆயா இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்: “நம்ம வகையறாவுல கப்பலேறிப் போனவங்க யாராச்சும் உண்டா?” அவர்கள் சொல்லும் பெயர், ஊர், குலதெய்வம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், அவர்கள் குரலை மொபைலிலும் பதிவுசெய்யுங்கள். டர்பனிலிருந்து ஒருவர் அந்த ஒற்றை வரியோடு வந்து நிற்கும்போது, அதன் அடுத்த வரி உங்கள் வீட்டு நோட்டில் இருக்கலாம்.